உண்ணி ஒழிப்பு: குறைந்த செலவில் செய்யக்கூடியவை

கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் பல தாமான்களும் தோட்ட வீடுகளும் செம்பனைக் காட்டை ஒட்டியே உள்ளன. உண்ணித் தொல்லை வந்தால், "புகை அடிக்க வேண்டும்" என்பதே பலரின் முதல் கோரிக்கை. அதற்குச் செலவு அதிகம்; பயன் குறைவு.

புகை ஏன் போதாது?

கொசுப் புகை பறக்கும் கொசுவைக் கொல்வதற்கானது. நாய் உண்ணி பறக்காது. இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முதிர்ந்த உண்ணி இரத்தமின்றிப் பல மாதங்கள் உயிர் வாழும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்திட்டாலும், வீட்டுக்கு மட்டும் தெளித்தாலும் உண்ணி திரும்பி வரும்.

எதை முதலில் செய்வது?

1. செலவில்லாதவை: நாயின் காது, கழுத்து, விரலிடுக்குகளைத் தினமும் பாருங்கள். நாய் படுக்கும் துணியை வெந்நீரில் துவையுங்கள். கோத்தோங் ரோயோங் நடத்தி லாலாங் புல்லை வெட்டி, எலி தங்கும் குப்பையை அகற்றுங்கள்.

2. சிறு செலவு: கால்நடை மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தை நாயின் எடைக்கேற்ப, தவணை தவறாமல் கொடுங்கள். சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள்.

3. பெருஞ்செலவு: இவற்றுக்குப் பிறகும் தொல்லை குறையாவிட்டால் மட்டும் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழையுங்கள். வரிசை வீட்டார் சேர்ந்து ஒரே வாரத்தில் செய்தால் செலவும் பகிரப்படும். அடுத்த வீட்டிலிருந்து உண்ணி திரும்புவதும் குறையும்.

செய்யக் கூடாதவை

தோட்டத்துப் பூச்சிக்கொல்லியை நாய்மீது பூசாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்லக்கூடும். உடலில் கடித்திருக்கும் உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றவோ சூடு வைக்கவோ வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து எடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

காய்ச்சல் கண்டால்

புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி 'ஸ்க்ரப் டைபஸ்' காய்ச்சலைப் பரப்பும். கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரலாம். அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கலாம், எல்லாருக்கும் இருப்பதில்லை. உடனே சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். "தோட்டத்தில் வேலை செய்கிறேன்", "உண்ணி கடித்தது" என்று நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற விலை குறைந்த மருந்தே இதைக் குணப்படுத்தும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.