வெப்ப எக்கியை எப்போது பொருத்துவது?



வீட்டில் ஏர்கோன் ஓடும்போது வெளிச்சுவரில் இருக்கும் அதன் விசிறிப் பெட்டிக்கு முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சூடான காற்று முகத்தில் அடிக்கும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி உங்கள் அறைக்குள் இருந்ததுதான். ஏர்கோன் குளிரை உண்டாக்கவில்லை. உள்ளே இருந்த வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது.

இதே கருவியைத் திருப்பிப் பொருத்தினால் என்ன ஆகும்? வெளியே இருக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் கொண்டுவரும். அதுதான் 'ஹீட் பம்ப்' எனப்படும் வெப்ப எக்கி. எக்கி என்றால் பம்பு. நம் நாட்டில் வீட்டைச் சூடாக்க இது யாருக்கும் தேவையில்லை. குளிர்நாடுகளில் இது பெரிய கேள்வியாகிவிட்டது.

கடந்த ஆண்டு டிசம்பரில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கும் என் அக்கா அழைத்தார். அவருடைய வீட்டை 13 ஆண்டுகளாக ஓர் எரிவாயுக் கொதிகலன்தான் சூடாக்கி வருகிறது. "தம்பி, நீ சயன்ஸ் வாத்தியார்தானே? இதை இப்பவே கழற்றிட்டு ஹீட் பம்ப் போடலாமா? இல்ல, கெட்டுப்போற வரைக்கும் இதையே ஓட்டலாமா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு கணக்குகளும் ஒரு சோதனையும் செய்துபார்க்க வேண்டியிருந்தது. அவற்றையே இந்த வாரப் பாடமாகத் தருகிறேன்.

குளிர்ந்த காற்றில் வெப்பம் இருக்கிறதா?

வெளியே 0 பாகை செல்சியஸ் குளிர். அந்தக் காற்றிலிருந்து எப்படி வெப்பத்தை எடுப்பது? 0 பாகை என்பது வெப்பமே இல்லாத நிலை அன்று. அது 273 கெல்வின். அந்தக் காற்றின் மூலக்கூறுகளும் வேகமாக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றிடமிருந்து வெப்பத்தைப் பெற, அவற்றைவிடக் குளிர்ந்த ஒரு பொருள் நமக்கு வேண்டும்.

புதிய வெப்ப எக்கிகள் பலவற்றில் புரோப்பேன் பயன்படுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 42 பாகையிலேயே கொதித்துவிடும். கருவி வேலை செய்யும் முறை இதுதான்:

1. வெளிப்பெட்டியில், குறைந்த அழுத்தத்தில் இருக்கும் புரோப்பேன் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். காற்றிலிருந்து வெப்பத்தைப் பெற்று அது ஆவியாகும்.
2. மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்கும். அழுத்தம் ஏறும்போது அதன் வெப்பநிலையும் ஏறும்.
3. சூடான ஆவி வீட்டுக் குழாய் நீருக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீர்மமாகும்.
4. ஒரு குறுகிய வால்வின் வழியே செல்லும்போது அழுத்தம் குறைந்து குளிர்ந்து, முதல் படிக்குத் திரும்பும்.

இந்த எண்ணம் புதிதன்று. கெல்வின் அலகுக்குப் பெயர் தந்த வில்லியம் தாம்சன் 1852-இலேயே கட்டடங்களை இப்படிச் சூடாக்கலாம் என்று எழுதினார். 1938-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மண்டபம் லிம்மாட் ஆற்றுநீரின் வெப்பத்தைக் கொண்டு சூடாக்கப்பட்டது. ஐரோப்பாவில் வெப்ப எக்கிகள் மிக அதிகமாகப் பரவியிருப்பது நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய கடுங்குளிர் நாடுகளில்தான். ஆகவே, "குளிர் நாட்டில் இது வேலை செய்யாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் கணக்கு: எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறோம்?

1 யூனிட் மின்சாரம் கொடுத்தால் வீட்டுக்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்பதைச் செயல்திறன் எண் என்போம். 1 யூனிட் என்பது 1 கிலோவாட்-மணி. சாதாரண மின்சூடேற்றியின் செயல்திறன் எண் 1. வெப்ப எக்கிக்கு அது 3 என்றால், 1 பங்கு மின்சாரத்திலிருந்தும் 2 பங்கு வெளிக்காற்றிலிருந்தும் வந்தவை. ஆற்றல் அழிவின்மை விதி இதில் மீறப்படவில்லை.

தண்ணீரை மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதைவிடப் பத்தாம் மாடிக்கு ஏற்றப் பம்பு அதிகம் உழைக்க வேண்டும். வெப்ப எக்கிக்கு வெப்பநிலை வேறுபாடுதான் மாடி உயரம். இயற்பியல் அனுமதிக்கும் உச்ச அளவை இப்படிக் கணக்கிடலாம். வெப்பநிலைகளைக் கெல்வினில் எழுத வேண்டும்.

உச்சச் செயல்திறன் எண் = சூடான பக்கத்தின் வெப்பநிலை ÷ இரு பக்க வெப்பநிலை வேறுபாடு

வெளியே 0 பாகை என்று வைத்துக்கொள்வோம்.

குழாய் நீர் 55 பாகை: 328 ÷ 55 = 6.0
குழாய் நீர் 35 பாகை: 308 ÷ 35 = 8.8

உண்மையான கருவிகள் ஏறக்குறைய இதில் பாதியைத்தான் எட்டும். அதாவது முதலாவதற்குச் சுமார் 3, இரண்டாவதற்குச் சுமார் 4.4. கருவியும் அதுவே, குளிரும் அதுவே. குழாய் நீரின் சூட்டைக் குறைத்ததும் செயல்திறன் எண் உயர்ந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கணக்கு: பணமும் கரியமில வாயுவும்

பிரிட்டனில் வீட்டு மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் ஆஃப்ஜெம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பு விலை உச்சவரம்பு விதிக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரியாக 27.03 பென்ஸ், எரிவாயு 6.99 பென்ஸ். மின்சாரம் ஏறக்குறைய நான்கு மடங்கு விலை.

அக்கா வீட்டுக்கு ஆண்டுக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவை என்று கொள்வோம். கொதிகலனின் திறன் 90 விழுக்காடு.

எரிவாயு: 6.99 ÷ 0.9 = ஒரு யூனிட் வெப்பத்துக்கு 7.77 பென்ஸ். ஆண்டுக்கு 777 பவுண்டு.
செயல்திறன் எண் 2.8 உள்ள வெப்ப எக்கி: 27.03 ÷ 2.8 = 9.65 பென்ஸ். ஆண்டுக்கு 965 பவுண்டு.
செயல்திறன் எண் 4 உள்ள வெப்ப எக்கி: 27.03 ÷ 4 = 6.76 பென்ஸ். ஆண்டுக்கு 676 பவுண்டு.

பார்த்தீர்களா? வெப்ப எக்கி எப்போதும் பணத்தை மிச்சப்படுத்தும் என்பதும் தவறு, எப்போதும் செலவு வைக்கும் என்பதும் தவறு. இரண்டும் சமமாகும் இடம் 27.03 ÷ 7.77, அதாவது ஏறக்குறைய 3.5.

இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எரிவாயு இணைப்புக்கு மட்டும் அந்த மாதங்களில் நாளொன்றுக்கு 32.67 பென்ஸ் நிலைக்கட்டணம் இருந்தது. சமையல் அடுப்பையும் மின்சாரத்துக்கு மாற்றி, எரிவாயு இணைப்பையே துண்டித்துவிட்டால் ஆண்டுக்கு 119 பவுண்டு மிஞ்சும். அப்போது எரிவாயுப் பக்கத்தின் மொத்தச் செலவு 777 + 119 = 896 பவுண்டு. சமமாகும் எண் 2,703 ÷ 896, அதாவது சுமார் 3-ஆக இறங்கிவிடும்.

கரியமில வாயுவின் கணக்கு இவ்வளவு நெருக்கமானதன்று. எரிவாயுவிலிருந்து ஒரு யூனிட் வெப்பம் பெறச் சுமார் 0.2 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. பிரிட்டனின் மின்சாரத்துக்கும் யூனிட்டுக்கு அதே 0.2 கிலோகிராம் என்று கொண்டாலும், செயல்திறன் எண் 2.8 என்றால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 0.07 கிலோகிராம்தான். 10,000 யூனிட்டுக்கு 2,000 கிலோகிராம் ஒரு பக்கம், சுமார் 700 கிலோகிராம் மறுபக்கம். ஒரு கொதிகலன் 15 ஆண்டுகள் உழைத்தால் வேறுபாடு ஏறக்குறைய 20 டன். ஆகவே, அக்கா எடுக்கும் முடிவு ஓர் ஆண்டுக்கான முடிவு அன்று.

சோதனை: குளிர்நாளில் சூட்டைக் குறைத்துப் பார்

கொதிகலன் சூடாக்கிய நீர் ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டர் என்னும் உலோகத் தகடுகளுக்குள் ஓடி அறையைச் சூடாக்கும். பல வீடுகளில் அந்த நீர் 70 பாகைக்கு மேல் சூடாக்கப்படுகிறது. அவ்வளவு சூடு உண்மையிலேயே தேவையா என்பதைப் பலர் பார்த்ததே இல்லை.

20 பாகை உள்ள அறையில் ரேடியேட்டர் 70 பாகையில் இருந்தால் வேறுபாடு 50. அது 45 பாகையில் இருந்தால் வேறுபாடு 25. வேறுபாடு பாதியானால், கிடைக்கும் வெப்பம் பாதிக்கும் சற்றுக் குறைவாகிவிடும். அந்தக் குறைந்த வெப்பமே வீட்டுக்குப் போதும் என்றால், வீடு வெப்ப எக்கிக்குத் தயாராக இருக்கிறது.

இதை அறிய எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். "நல்ல குளிர் அடிக்கும் நாளில், கொதிகலனிலிருந்து புறப்படும் நீரை 50 பாகைக்குக் குறைத்து வையுங்கள். இரண்டு நாள் அப்படியே விட்டு, ஒவ்வோர் அறையிலும் வெப்பமானி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று அக்காவிடம் சொன்னேன். தொட்டியில் சேமிக்கும் குளியல் நீரின் சூட்டை மட்டும் இப்படிக் குறைக்கக்கூடாது. அதில் கிருமி வளரும் ஆபத்து உண்டு.

ஜனவரியில் அவர் செய்து பார்த்தார். வரவேற்பறையும் இரண்டு படுக்கையறைகளும் 20 பாகையில் நின்றன. கார் நிறுத்துமிடத்துக்கு மேலே இருக்கும் மூன்றாவது படுக்கையறை மட்டும் 16 பாகையைத் தாண்டவில்லை. ஆக, மொத்த வீட்டையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த ஓர் அறையின் தரைக்கு வெப்பக்காப்பு வேண்டும், பெரிய ரேடியேட்டர் ஒன்றும் வேண்டும்.

கெட்டுப்போகும் வரை காத்திருக்கலாமா?

கொதிகலன்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் பழுதாகும், ஏனெனில் அப்போதுதான் அவை அதிகம் உழைக்கின்றன. ஜனவரியில் வீடு சில்லிட்டுக் கிடக்க, பிள்ளைகள் நடுங்க, யாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள். ஓரிரு நாளில் பொருத்தக்கூடிய இன்னோர் எரிவாயுக் கொதிகலனையே வாங்குவார்கள். அடுத்த 15 ஆண்டுகளுக்கு அதுதான்.

வெப்ப எக்கிக்கு முன்னேற்பாடு அதிகம். ஒவ்வோர் அறையும் இழக்கும் வெப்பத்தைக் கணக்கிட வேண்டும். சுடுநீர்த் தொட்டிக்கு இடம் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கம் தரும் 7,500 பவுண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவை ஓரிரு நாளில் முடியாதவை.

ஆகவே, "எப்போது?" என்ற கேள்விக்கு வீட்டைப் பொறுத்துப் பதில் மாறும்:

• நேரடி மின்சூடேற்றியால் சூடாக்கும் வீட்டில், எந்த வெப்ப எக்கியும் மின்கட்டணத்தைக் குறைக்கும். அங்கே தாமதிக்கக் காரணம் குறைவு.
• கொதிகலன் பழையது, வீடு 50 பாகைச் சோதனையில் தேறியது என்றால், கொதிகலன் இன்னும் ஓடும்போதே திட்டமிட்டு, கோடையில் மாற்றுவது நல்லது.
• வீடு தேறவில்லை என்றால், முதலில் வெப்பக்காப்பும் ரேடியேட்டரும். எக்கி அதன்பிறகு.
• கொதிகலன் புதியது என்றால் காத்திருக்கலாம். ஆனால் நீரின் சூட்டைக் குறைத்து ஓட்டினால் புதியவகைக் கொதிகலனிலேயே எரிவாயு மிச்சமாகும்.

அக்கா இரண்டாவது வகை. அந்த ஓர் அறையைச் சரிசெய்தபின் செயல்திறன் எண் ஆண்டுச் சராசரியாக 3.4 வரும் என்று பொருத்துநர் மதிப்பிட்டார். 2,703 ÷ 3.4 = 795 பவுண்டு. எரிவாயு இணைப்பையும் துண்டித்தால், 896 பவுண்டுடன் ஒப்பிடும்போது ஆண்டுக்குச் சுமார் 100 பவுண்டு மிச்சம். பெரிய தொகை அன்று. ஆனால் நட்டம் இல்லை என்று தெரிந்துகொண்டு, 20 டன் கரியமில வாயுவையும் தவிர்க்கலாம். "அப்படின்னா வர்ற கோடையிலேயே மாத்திடுறோம்" என்றார் அக்கா.

விலைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். ஆகவே, இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். கணக்கிடும் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு ஏர்கோனுக்கும் இதே விதிதான். 18 பாகைக்குப் பதிலாக 25 பாகையில் வைத்தால் ஏற்ற வேண்டிய 'மாடிகள்' குறையும், மின்கட்டணமும் குறையும்.

செய்து பாருங்கள்

1. நேரடி மின்சூடேற்றியால் ஆண்டுக்கு 8,000 யூனிட் செலவிடும் வீடு, செயல்திறன் எண் 3 உள்ள வெப்ப எக்கிக்கு மாறினால் எத்தனை யூனிட் மிச்சமாகும்?
2. குழாய் நீர் 45 பாகை. வெளியே மைனஸ் 5 பாகை இருக்கும்போதும் 10 பாகை இருக்கும்போதும் உச்சச் செயல்திறன் எண் என்ன?
3. மின்சாரத்தின் விலை 20 பென்ஸாகக் குறைந்து, எரிவாயு விலை மாறாமல் இருந்தால், செயல்திறன் எண் 2.8 உள்ள எக்கி பணத்தை மிச்சப்படுத்துமா? நிலைக்கட்டணத்தைச் சேர்க்க வேண்டாம்.

விடைகள்: 1. சுமார் 5,333 யூனிட். 2. சுமார் 6.4, சுமார் 9.1. 3. ஆம். சமமாகும் எண் 20 ÷ 7.77, அதாவது சுமார் 2.6. எக்கியின் 2.8 அதைவிட அதிகம்.