எந்த அணிக்கும் உரியவரல்லர்

சாக்ரடீஸ் நஞ்சருந்தி உயிர்நீத்ததை அனைவரும் அறிவர். அதற்கு முன்பே இருமுறை அவர் மரணத்தை நேர்கொண்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கி.மு. 406இல் ஆர்கினூசாய் கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் உடைந்த கப்பல்களில் தத்தளித்த வீரர்களைப் புயலின் காரணமாகக் காப்பாற்ற இயலவில்லை. மக்களின் துயரம் சினமாக மாறியது. தளபதிகள் எண்மரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க வேண்டுமென்று மக்கள் சபையில் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. இது சட்டத்திற்குப் புறம்பானது. அப்போது சபையை நடத்தும் முறை சாக்ரடீஸின் குலத்தைச் சேர்ந்த ஐம்பதின்மருக்கு வந்திருந்தது. தடுப்பவருக்கும் அதே தண்டனை என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. மற்றவர்கள் அஞ்சிப் பணிந்தனர்; சாக்ரடீஸ் மட்டும் இசையவில்லை. நாடு திரும்பியிருந்த தளபதிகள் அறுவர் கொல்லப்பட்டனர். மக்கள் பின்னர் வருந்தியது வேறு கதை.

இரண்டு ஆண்டுகளில் மக்களாட்சி வீழ்ந்து முப்பதின்மரின் கொடுங்கோலாட்சி வந்தது. அவர்களுள் முதன்மையானவனான கிரிட்டியாஸ் ஒருகாலத்தில் சாக்ரடீஸுடன் பழகியவன். பழைய உறவைப் பயன்படுத்தி அவர் நலம் தேடியிருக்கலாம். மாறாக, சலாமிஸைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவர ஐவருக்கு ஆணை பிறந்தபோது, நால்வர் சலாமிஸுக்குச் சென்றனர். ஐந்தாமவரான சாக்ரடீஸ் தம் வீட்டிற்குச் சென்றார். அவ்வாட்சி விரைவில் கவிழாதிருந்தால் அன்றே அவர் உயிர் போயிருக்கும்.

இருமுறையும் அவரது மறுப்பு எவரையும் காப்பாற்றவில்லை. தளபதிகளும் மாண்டனர், லியோனும் மாண்டார். பயனை மட்டும் நோக்குபவருக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றும். ஆனால் அநீதிக்கு ஆளாவதைவிட அநீதி இழைப்பதே மனிதனுக்கு நேரும் பெருங்கேடு என்பது சாக்ரடீஸின் முடிவு. ஆகவே ஆணையிடுவது எந்த அணி என்று அவர் பார்க்கவில்லை. அச்செயலில் தமது கை படுமா என்றே பார்த்தார்.

இரு அணிகளுக்கும் பணியாதவரை இரு அணிகளுமே தம்மவராகக் கருதுவதில்லை. மக்களாட்சி மீண்டபின், கி.மு. 399இல் அவர்மீது வழக்குத் தொடுத்தவர்களுள் அதன் தலைவர்களில் ஒருவரான அனிட்டஸும் இருந்தார். அரசியல் பகையைக் கிளறக்கூடாதென்று பொதுமன்னிப்பு நடைமுறையில் இருந்தது. எனவே தெய்வநிந்தனையும் இளைஞரைக் கெடுத்ததுமே குற்றச்சாட்டுகளாயின. ஆனால் 54 ஆண்டுகளுக்குப் பின் ஈஸ்கினீஸ் என்ற பேச்சாளர், கிரிட்டியாஸின் ஆசிரியர் என்பதற்காகவே அவரைக் கொன்றீர்கள் என்று ஏதென்ஸ் நீதிமன்றத்தில் வெளிப்படையாகவே கூறினார். முப்பதின்மரை அவர் எதிர்த்து நின்றது அவருக்குத் துணைவரவில்லை.

குழந்தைகளை முன்னிறுத்தி நீதிபதிகளின் இரக்கத்தை வேண்டுவது அங்கு வழக்கம். மூன்று மைந்தர்கள் இருந்தும், அவர்களுள் இருவர் சிறுவராயிருந்தும், எழுபது வயதான அவர் அதனைச் செய்யவில்லை. முப்பது வாக்குகள் மாறியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும் என்று அவரே குறிப்பிட்டார். கொள்கையின் விலையை அவர் மட்டும் செலுத்தவில்லை என்பதை அவரைப் போற்றும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இறுதி நாளின் காலையில் நண்பர்கள் சிறைக்குள் நுழைந்தபோது, மனைவி சாந்திப்பி சிறு மகனுடன் அவரருகே அமர்ந்திருந்தாள்.