வலைப்பூவுக்கு வழிகாட்டும் குறிகள்

அச்சிதழில் வெளிவரும் கட்டுரையை வாசகரிடம் கொண்டுசேர்க்க அச்சகம், முகவர், கடை எனப் பலர் உள்ளனர். வலைப்பூவில் எழுதுபவருக்கு அத்தகைய துணை இல்லை. ‘வெளியிடுக’ என்னும் பொத்தானை அழுத்தியவுடன் அவரது எழுத்து உலகம் முழுமைக்கும் திறந்துவிடுகிறது. ஆயினும் அஃது அங்கே இருப்பதை எவரும் அறியார். புதிய வலைப்பூவைத் தேடுபொறி கண்டறிந்து முன்னிறுத்தக் காலம் பிடிக்கும். பத்துக் கட்டுரைகள் எழுதியபின், படிப்பார் இல்லையே எனச் சோர்ந்து எழுத்தையே கைவிட்டவர் உண்டு. இந்த இடைவெளியை நிரப்ப எழுந்த கருவிகளுள் ஒன்றே சமூகப் புத்தகக்குறித் தளம்.

தனிக்குறியும் பொதுக்குறியும்

படித்த பக்கம் மறவாதிருக்க நூலினுள் மயிலிறகோ தாள்துண்டோ வைப்பது நம் வழக்கம். இணைய உலாவியிலும் இவ்வாறு குறித்துவைக்கும் வசதி உண்டு. ஆனால், அக்குறி வைத்தவருக்கு மட்டுமே பயன்படும். 2003ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோஷ்வா ஷாக்டர் உருவாக்கிய ‘டெலிஷியஸ்’ என்னும் தளம் இந்நிலையை மாற்றியது. ஒருவர் குறித்துவைத்த பக்கத்தின் முகவரி பிறர் பார்வைக்கும் வந்தது. ஒரே பக்கத்தை எத்தனை பேர் குறித்துள்ளனர் என்பதும் தெரிந்தது. தனிமனிதரின் நினைவுக்குறிப்பு, முன்பின் அறியாத ஒருவருக்குப் பரிந்துரை ஆயிற்று.

இத்தளங்களின் உயிர்நாடி குறிச்சொல். குறிப்பவர் தாம் விரும்பும் சொற்களை அப்பக்கத்தோடு இணைக்கலாம். வல்லுநர் வகுத்த அட்டவணை எதுவும் இங்கு இல்லை, மக்களே பெயரிடுகின்றனர். இம்முறைக்கு 2004இல் தாமஸ் வாண்டர் வால் ‘ஃபோக்சானமி’ எனப் பெயர் சூட்டினார். நாம் இதனை மக்கள் வகைப்பாடு எனலாம்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதனை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பது, 1931இல் வெளிவந்த அவரது நூலக விதிகளுள் ஒன்று. ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பகுத்து நோக்கும் கோலன் பகுப்புமுறையை வகுத்தவரும் அவரே. அலமாரியில் ஒரு நூலுக்கு ஓரிடமே உண்டு. குறிச்சொற்களோ ஒரே கட்டுரையைப் பல இடங்களில் ஒருங்கே நிறுத்துகின்றன.

சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையைப் பற்றி ஒரு மாணவி எழுதுவதாகக் கொள்வோம். ‘இயற்கை’, ‘அழகு’ என்று மட்டும் குறியிட்டால் அக்கட்டுரை ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கிடையே மறைந்துவிடும். ‘நத்தைகுத்தி நாரை’, ‘வேடந்தாங்கல்’, ‘நீர்ப்பறவைகள்’, ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்று குறியிட்டால், தேடி வருபவர் குறைவாயினும் உரியவராக இருப்பர். தலைப்பும் அவ்வாறே அமைதல் நலம். ‘என் பயணம்’ என்பது எழுதியவருக்குப் பொருள் தரும். வாசகருக்கு எதனையும் உணர்த்தாது. தளத்தில் இணைப்புடன் இடும் இரண்டு வரிச் சுருக்கம், கட்டுரையில் உள்ளதையே கூறுதல் வேண்டும். இல்லாததைக் கூறி அழைத்தால், வந்தவர் அக்கணமே திரும்பிவிடுவார்.

திடீர்க் கூட்டம்

2004இல் தோன்றிய ‘டிக்’, 2005இல் தோன்றிய ‘ரெடிட்’ ஆகிய தளங்கள் குறித்தலோடு வாக்களிப்பையும் சேர்த்தன. வாக்கு மிகுந்த இணைப்பு முதற்பக்கம் ஏறும். அவ்வாறு ஏறிய சிறிய தளங்கள், ஒரே நேரத்தில் திரண்ட வருகையாளரைத் தாங்கமாட்டாமல் முடங்கியதும் உண்டு. இவ்வருகையை அளவுக்கு மீறி மதிக்க வேண்டியதில்லை. திருவிழாக் கூட்டம் போல வந்தவர்கள் மறுநாள் இருக்கமாட்டார்கள். அவர்களுள் சிலரேனும் தங்குவதற்குக் கட்டுரையின் முடிவில் அதே பொருள் குறித்த தம் பிற கட்டுரைகளுக்கு வழிகாட்டுதல் பயன்தரும்.

வாக்கே ஏணியானபின் குறுக்குவழிகளும் முளைத்தன. பல பெயர்களில் கணக்குத் தொடங்கித் தமக்குத் தாமே வாக்களித்தனர் சிலர். ‘நீ எனக்கு, நான் உனக்கு’ எனக் குழு சேர்ந்தனர் வேறு சிலர். தளங்கள் இத்தகைய கணக்குகளை முடக்கின. தம் எழுத்தை மட்டுமே ஓயாமல் இடுபவரையும் வாசகர்கள் விரைவில் அடையாளம் கண்டுகொண்டனர். பிறர் எழுதிய நல்ல பக்கங்களைப் பத்து முறை குறித்தவர், இடையே தம்முடையதை ஒருமுறை குறித்தால் அதற்கு மதிப்பு இருந்தது. தமிழர் பந்தியில் பரிமாறுபவர் முதலில் தம் இலையை நிரப்பிக்கொள்வதில்லை அல்லவா?

தமிழ்த் திரட்டிகள்

தமிழ் வலைப்பூக்களுக்கு இப்பணியைப் பெரிதும் ஆற்றியவை திரட்டிகள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. திரட்டி, தன்னிடம் பதிவுசெய்த வலைப்பூக்களின் புதிய இடுகைகளைத் தானே தொகுத்துக் காட்டும். புத்தகக்குறித் தளத்திலோ ஒரு மனிதர் தேர்ந்தெடுத்து இட்டால்தான் இணைப்பு இடம்பெறும். வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த தமிழர் ஒருவர் எழுத்தை மற்றவர் அன்றன்றே படிக்க முடிந்தது திரட்டிகளால்தான்.

நிலையாமை

டெலிஷியஸை 2005இல் யாகூ நிறுவனம் வாங்கியது. பின்னர்க் கைகள் பல மாறி, 2017இல் அது ‘பின்போர்டு’ என்னும் போட்டித் தளத்தின் உடைமையாயிற்று. புதிய குறிகள் இடுவது நிறுத்தப்பட்டது. ‘ஸ்டம்பிள்அப்பான்’ 2018இல் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த குறிகளைக் கோப்பாகத் தரவிறக்கி வைத்திருந்தோர் அவற்றை வேறு தளத்திற்கு மாற்றிக்கொண்டனர். கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி, புத்தகக்குறித் தளங்கள் பலவற்றின் அமைப்புப் பக்கத்தில் உள்ளது. கணக்குத் தொடங்கும் நாளிலேயே அஃது எங்குள்ளது எனப் பார்த்துவைத்தல் நன்று.