தலைமையாசிரியரான தளபதி

பதவியால் மனிதர் பெருமை அடைவதுண்டு. மனிதரால் பதவி பெருமை அடைவதும் உண்டு. படைத்துறையின் உச்சியை எட்டிய ஒருவர், முதுமையில் தம் ஊர்ப் பள்ளியொன்றின் தலைமையாசிரியராய் அமர்ந்தார். அவரே ஜப்பானியத் தளபதி அகியாமா யோஷிபுரு ஆவார்.

ஷிகோகு தீவிலுள்ள மட்சுயாமா நகரில், 1859-ஆம் ஆண்டில் எளிய வீரர் குடியொன்றில் அவர் பிறந்தார். 1868-ஆம் ஆண்டில் பழைய ஆட்சிமுறை மறைந்தது. வழிவழியாக மானியம் பெற்று வாழ்ந்த குடிகளை வறுமை சூழ்ந்தது. அவ்வாண்டில் பிறந்த தம்பி சனேயுகியைக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் எனப் பெற்றோர் எண்ணினர். பத்து வயதும் நிரம்பாத யோஷிபுரு, தாம் படித்துப் பொருளீட்டுவதாகவும், தம்பியை வீட்டிலேயே வளர்க்கவேண்டும் என்றும் மன்றாடினார் என்பர்.

சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை. பொதுக் குளியற்சாலை ஒன்றில் அடுப்பெரித்துக் கூலி பெற்றார். அக்கூலியால் நூல்கள் வாங்கிக் கற்றார். 1875-ஆம் ஆண்டில் ஒசாகா சென்று, கட்டணமின்றிப் பயிலக்கூடிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர்ச் சிறிது காலம் ஆசிரியராகவும் பணியாற்றினார். 1877-ஆம் ஆண்டில் டோக்கியோவில் இருந்த படை அலுவலர் பள்ளியில் இடம் பெற்றார். அங்கும் கட்டணம் இல்லை. வருவாய் கிடைத்ததும் தம்பியைத் தம்மிடம் அழைத்துப் படிக்க வைத்தார். கோயிலுக்கெனக் கருதப்பட்ட அத்தம்பியே பிற்காலத்தில் கடற்படைத் தலைவர் டோகோவுக்குப் போர்த்திட்டம் வகுத்துக் கொடுத்த சனேயுகி ஆவார்.

1887-ஆம் ஆண்டு முதல் பிரான்சு நாட்டில் தங்கிய அகியாமா, குதிரைப்படைக் கலையை ஆழ்ந்து கற்றார். நாடு திரும்பியபின் அப்படையைச் சீர்திருத்தும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. குதிரைப்படையின் இயல்பை விளக்குமாறு கேட்டபோது, கண்ணாடிச் சாளரத்தைக் கைமுட்டியால் உடைத்து, குருதி வழியும் கையைக் காட்டினார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. விரைந்து தாக்கும் வலிமை அதற்கு உண்டு. எளிதில் காயமுறும் மென்மையும் உண்டு என்பதே அதன் கருத்து.

1904-ஆம் ஆண்டில் ஜப்பானுக்கும் இரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜப்பானியக் குதிரைகள் சிறியன. எதிரில் நின்ற கொசாக்கியரோ இளமை முதல் குதிரை மீது வளர்ந்தவர். நேருக்கு நேர் மோதினால் தம் வீரர் அழிவர் என்பதை அகியாமா உணர்ந்திருந்தார். எனவே, பகைவர் நெருங்கும்போது வீரரைக் குதிரையினின்று இறக்கி, அகழிகளில் நிறுத்தி, இயந்திரத் துப்பாக்கிகளால் எதிர்க்கச் செய்தார். 1905-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், மஞ்சூரியாவின் உறைபனியில், இரஷ்யப் பெரும்படை ஒன்று ஜப்பானியரின் இடப்புறத்தைத் தாக்கியது. அங்கு நின்ற அகியாமாவின் சிறுபடை, துணைப்படை வந்து சேரும்வரை நிலைகளைக் காத்து நின்றது.

அப்போரில் ஜப்பான் வென்றது. எனினும் வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். இரு பேரரசுகள் பொருதது பிறர் மண்ணில். சீன உழவரின் வயல்களே போர்க்களமாயின. கொரிய நாடு 1910-ஆம் ஆண்டில் தன் உரிமையை முற்றிலும் இழந்து, ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டது. ஒரு வீரரின் திறமையைப் போற்றுவோர், அத்திறமை எதற்குப் பயன்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தல் கடன்.

அகியாமா 1916-ஆம் ஆண்டில் முழுத் தளபதியானார். 1920-ஆம் ஆண்டில் படைப்பயிற்சித் துறையின் தலைமைப் பதவியை ஏற்றார். 1923-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டில் மட்சுயாமாவிலிருந்த ஹொக்குயோ நடுநிலைப் பள்ளி அவரைத் தலைமையாசிரியராக அழைத்தது. அது ஒரு தனியார் பள்ளி. பெருந்தளபதி ஒருவருக்கு இது தகுதியான இடமா எனப் பிறர் வியந்திருக்கக் கூடும். அவரோ மனமுவந்து ஏற்றார்.

நாள்தோறும் அவர் தவறாமல் பள்ளிக்குச் சென்றார். அவர் தெருவில் வரும் நேரத்தைக் கொண்டு ஊரார் தம் கடிகாரத்தைச் சரிசெய்தனர் என்பர். போர்க்கதை கூறுமாறும், தளபதியின் சீருடையைக் காட்டுமாறும் மாணவரும் பெற்றோரும் வேண்டினர். அவர் இரண்டையும் மறுத்துவிட்டார். தம் புகழைப் பேசுவதற்காக அவர் அங்கு வரவில்லை, கற்பிக்கவே வந்தார்.

ஆறு ஆண்டுகள் அப்பணியை ஆற்றியபின், 1930-ஆம் ஆண்டின் வேனிற் பருவத்தில் அதிலிருந்து விலகினார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களிலேயே காலமானார். ஆசிரியராகத் தொடங்கிய வாழ்க்கை ஆசிரியராகவே நிறைவுற்றது. உயர்ந்த பதவியை அடைவது அரிது. அதனை இறக்கி வைத்துவிட்டு, சிறியது எனப் பிறர் கருதும் கடமையை முழு மனத்தோடு ஆற்றுவது அதனினும் அரிது.