ஆற்றுக்கு இடம்

நகரம் பெருகும்போது ஆறு குறுகுகிறது. சிங்கப்பூரின் காலாங் ஆறும், பீஷான் – அங் மோ கியோ பூங்காவின் ஓரத்தில், வெள்ளநீரை விரைந்து கடத்தும் கற்காரைக் கால்வாயாக ஒடுக்கப்பட்டிருந்தது. நீர் வடிந்தது, ஆயின் உயிரினங்கள் ஒதுங்கின, மக்களும் விலகி நின்றனர்.

2012ஆம் ஆண்டு நிறைவுற்ற சீரமைப்பால், 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய் 3.2 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்தோடும் ஆறாயிற்று. கற்களும் மண்ணைப் பிணிக்கும் வேர்களும் கரைகளைக் காக்கின்றன. வறண்ட நாளில் மக்கள் உலவும் புல்வெளியே பெருமழையில் வெள்ளம் பரவும் நிலமாகிறது. நீர் உயருங்கால் எச்சரிக்கை ஒலி மக்களை மேட்டுக்கு அனுப்புகிறது. பின்னர் நீர்நாய்களும் அங்கு வந்து வாழத் தொடங்கின.

நிலம் அரிதான நாடே பூங்காவின் ஒரு பகுதியை ஆற்றுக்கு விட்டுக்கொடுத்தது. நம் ஊர் ஆறு பரவிய நிலத்தில் இன்று எழுந்து நிற்பவை யாவை? எண்ணிப் பார்ப்போம்.