நெல்லைக் கால்வாயும் கட்டற்ற மென்பொருளும்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை நாம் அறிவோம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என வரிசையாக ஒப்பிக்கவும் நம்மால் இயலும். ஆயின் சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுணுக்குள் எந்தெந்தத் தெருவின் பின்புறமாகச் செல்கிறது என்று கேட்டால் பலர் விழிப்போம். வீடுகளுக்கிடையே குறுகிவரும் அதனை இன்று வரைந்து வைக்காவிடில், கரை எதுவரை இருந்தது என்பதற்கு நாளை சான்று குறைந்துவிடும். புவியியல் மாணவன் என்ற முறையில் இவ்வேலைக்கு நான் பயன்படுத்திவரும் லினக்ஸ் கருவிகளைப் பற்றி ஈண்டுக் கூற விழைகிறேன்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஒரு மென்பொருளை எதற்கும் பயன்படுத்தவும், அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தவும், பிறருக்குப் பிரதி தரவும், திருத்தியதைப் பரப்பவும் உரிமை இருந்தால் அது கட்டற்றது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் இதற்கென க்னூ திட்டத்தை அறிவித்தார். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். நம்மைப் போன்ற ஒரு மாணவர்!

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. பலர் அதனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வருத்தத்திற்குரியது. அத்தகைய பழைய கருவியிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய முகப்புடன் டெபியனை நிறுவினால் அது மீண்டும் உழைக்கும். என் அண்ணன் விட்டுச்சென்ற மடிக்கணினி அவ்வாறே ஓடுகிறது.

வரைபடத்திற்குக் கியூ.ஜி.ஐ.எஸ். 2002-ல் தொடங்கப்பெற்ற இம்மென்பொருளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தை அடிப்படையாக விரித்து, மேலே கால்வாயைக் கோடாக வரையலாம். கைப்பேசியுடன் கரையோரம் நடந்து பதிந்த தடத்தையும் ஏற்றலாம். வீடுகள் நெருங்கிய இடங்களில் அத்தடம் சில மீட்டர் விலகும். ஆகவே செயற்கைக்கோள் படத்துடன் ஒப்பிட்டே கோட்டை உறுதிசெய்ய வேண்டும். நீளத்தை மீட்டரில் அளக்க யு.டி.எம். கோட்டுச்சட்டம் ஏற்றது. நெல்லை அதில் 43-ஆம் மண்டலத்தில் விழுகிறது. ஆனால் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை, திருவைகுண்டத்திற்கும் புன்னைக்காயலுக்கும் இடையே ஆற்றை வெட்டுவதால், முகத்துவாரம் 44-ஆம் மண்டலத்திற்குப் போய்விடுகிறது! முழு ஆற்றையும் வரைவோர் இதனைக் கவனிக்க. படத்தை ஜியோபேக்கேஜ் என்னும் திறந்த வடிவில் சேமிப்பது நலம். விலைக்குரிய மென்பொருளின் சோதனைக்காலத்தில் நண்பர் ஒருவர் வரைந்த படம், காலம் முடிந்ததும் திறக்க மறுத்தது. மூன்று மாத உழைப்பு அது.

இடப்பெயர்களைத் தமிழில் பொறிக்க ஐபஸ் உள்ளீட்டுக் கருவியும், 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையும் போதும். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். 'நெல்லை' என்று அடிக்க ந, எ, ல, ல, ஐ என ஐந்தே தட்டல்கள். புள்ளி தானே விழும். ஒருங்குறியில் அடித்ததால் எக்கணிப்பொறியிலும் எழுத்துக் குலையாது.

பழைய நூல்களை எழுத்துணரியால் படிக்க டெசராக்ட் உண்டு. பேட் துரை 1917-ல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியின் ஆங்கிலப் பக்கங்களை அது நன்கு படித்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய தமிழ் அச்சில் பழைய 'ணை', 'றா' வரும்போது தடுமாறுகிறது. கையால் திருத்தியே ஆகவேண்டும்.

அறிக்கை எழுத லிப்ரே ஆபீஸ், படங்களைச் செப்பனிட கிம்ப். இவை பலரும் அறிந்தவையே.

சுத்தமல்லி தொடங்கி டவுண் வரை வரைந்தாயிற்று. அதற்கப்பால் உள்ள கிளைகளும், பாளையங்கால்வாய் முழுவதும் எஞ்சியுள்ளன. கோப்பு நம் துறைக் கணிப்பொறியில் இருக்கிறது. விரும்புவோர் பிரதி எடுத்துத் தம் ஊர்ப்பகுதியைச் சேர்க்கலாம்.