மாவாய்ப் பூக்கும் கிழங்கு

தோலோடு சுட்ட உருளைக்கிழங்கைப் பிட்டால், உள்ளே வெள்ளை வெளேரென்று பொலபொலத்து உதிர வேண்டும். தோல் மொறுமொறுவென்று நிற்க வேண்டும். கோவையில் என் சமையலறையில் இருப்பது சாதாரண ஓடிஜி அடுப்புதான். அதில் வருடக்கணக்காகக் கிழங்கு சுட்டதில் எனக்குத் தெளிவானது ஒன்று: கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதில் மிகுதியானதை ஆவியாக வெளியே போக விடுவதுதான் இங்கே செய்ய வேண்டிய வேலை. சந்தையில் கிழங்கு பொறுக்குவதிலிருந்து மேலே வெண்ணெய் வைப்பது வரை நான் பார்ப்பது இதைத்தான்.

பாதி காரியம் சந்தையிலேயே முடிந்துவிடுகிறது. மாவுச்சத்து நிறைந்த கிழங்கு சூடேறும்போது, 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் செல்களுக்குள் இருக்கும் மாவுமணிகள் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. சூடு இன்னும் ஏற ஏற, செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் இளகி, அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அப்படிப் பிரிந்ததைத்தான் ‘கிழங்கு மாவா இருக்கு’ என்கிறோம். மாவு குறைந்த கிழங்கில் செல்கள் ஒட்டியே இருக்கும். குருமாவில் கரையாமல் நிற்க அது நல்ல கிழங்கு, சுடுவதற்கு ஆகாது.

இங்கிலாந்தில் கடைக்குப் போனால் பையின் மேலேயே ரகத்தின் பெயர் இருக்கும். தோலோடு சுட கிங் எட்வர்டு, மாரிஸ் பைப்பர் என்று பார்த்து எடுப்பார்கள். அமெரிக்காவில் ரஸ்ஸெட் பர்பேங்க். மாரிஸ் பைப்பர் 1966-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ரகம். வேரைத் தாக்கும் தங்க நூற்புழுவைத் தாங்குவதற்கென்றே உருவாக்கியது. அதே நூற்புழுவை நம் நீலகிரியில் கண்டுபிடித்தது 1961-இல். அன்றிலிருந்து மலை விவசாயிகள் அதோடு போராடிக்கொண்டே நமக்குக் கிழங்கு விளைவித்துத் தருகிறார்கள். ஊட்டிக் கிழங்கு வாங்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

நம் காய்கறிக் கடையில் ரகம் கேட்டால் “ஊட்டிக் கிழங்குங்க” என்பார்கள், இல்லையென்றால் “வடக்கத்திக் கிழங்குங்க.” அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது. அதனால் வீட்டில் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு கப் தூள் உப்புக்குப் பதினொரு கப் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கிழங்கை அதில் போடுங்கள். மாவுக் கிழங்கு கனம். அடியில் போய் உட்காரும். மிதப்பதைக் குழம்புக்கு ஒதுக்கிவிடலாம். ஒரே பையில் வாங்கிய கிழங்கில்கூட சில மிதக்கும், சில முங்கும். விருந்தாளிகளுக்குச் சுடும் நாளில் இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை.

குளிர்பதனக் கிடங்கில் கிடந்த கிழங்கிலும் கவனம் வேண்டும். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சுட்டால் உள்ளே லேசாக இனிப்புத் தட்டும், தோல் சீக்கிரம் கருகும். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தாலும் இதே கதைதான். வாங்கிய கிழங்கை இருட்டான, காற்றோட்டமான மூலையில் கூடையில் போட்டு வையுங்கள். குளிரில் இருந்து வந்த கிழங்கு இரண்டு வாரம் வெளியே இருந்தால் அந்த இனிப்பு ஓரளவு குறையும். பச்சை படர்ந்த கிழங்கைச் சமையலுக்கே எடுக்காதீர்கள்.

ஒவ்வொன்றும் 200 முதல் 250 கிராம் இருக்கும்படி, ஒரே அளவாகப் பொறுக்குங்கள். சிறிசும் பெரிசுமாகப் போட்டால் ஒன்று காய்வதற்குள் இன்னொன்று வேகாது. மண் போகத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் ஆழமாகக் குத்துங்கள். குத்தாத கிழங்கு அடுப்புக்குள் வெடிப்பது அபூர்வம், ஆனால் வெடித்தால் அடுப்பைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. அரை கப் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, குத்திய கிழங்கை அதில் ஒரு புரட்டுப் புரட்டி எடுங்கள். தோல் முழுக்க உப்பு ஒரே சீராகப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அலுமினியத் தாளில் சுற்றவே சுற்றாதீர்கள். இதை நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். தாளுக்குள் சிக்கிய ஆவிக்குப் போக வழியில்லை. கிழங்கு சுடப்படுவதற்குப் பதில் அவிந்துவிடும். தோல் ஈரத்தோல் ஆகிவிடும், உள்ளே கொழகொழப்பு. அவித்த கிழங்குதான் வேண்டுமென்றால் குக்கரில் நாலு விசிலில் கிடைத்துவிடுமே! ஒரு மணி நேரம் மின்சாரம் எதற்கு?

அடுப்பை 220 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்குங்கள். ஓடிஜியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். கிழங்கைத் தட்டில் வைக்காமல் நடுவிலுள்ள கம்பி வலையின் மேலேயே இடைவெளி விட்டு அடுக்குங்கள், அடியிலும் சூடான காற்று சுற்றி வரும். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி கிழங்குக்கு மிக நெருங்கி இருந்தால் ஒரு தட்டு கீழே இறக்கிக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து ஒருமுறை திருப்பி விட்டால் போதும். எண்ணெயைத் தொடக்கத்திலேயே தடவச் சொல்பவர்கள் உண்டு. நான் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தடவுகிறேன். அதற்குள் தோல் நன்றாகக் காய்ந்திருக்கும். எண்ணெய் பட்டதும் மொறுமொறுக்கும்.

வெந்ததா என்று பார்க்கக் கத்தியை நம்ப வேண்டாம். மாவாய்ப் பிரிவதற்கு வெகுநேரம் முன்னரே கத்தி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் கிழங்கின் நடுவே 96 முதல் 99 டிகிரி காட்ட வேண்டும். இல்லையென்றால் தடித்த துணியால் பிடித்து அமுக்கிப் பாருங்கள்; எதிர்ப்பே இல்லாமல் உள்ளே அமுங்க வேண்டும். இந்த அளவுக் கிழங்குக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரமானால் மைக்ரோவேவில் ஐந்தாறு நிமிடம் வைத்துவிட்டு, பிறகு இருபது இருபத்தைந்து நிமிடம் அடுப்பில் போடலாம். சுவை ஒரு படி கீழேதான்.

வெளியே எடுத்த அந்த நிமிடமே கிழங்கைப் பிளந்துவிடுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அடுப்பை விட்டு வந்த பின்னும் உள்ளே ஆவி நிறைந்திருக்கிறது. மூடிய தோலுக்குள் அது ஆறினால் மறுபடி தண்ணீராகிக் கிழங்கை இறுக்கிவிடும். மேலே குறுக்கும் நெடுக்குமாக ஆழமாகக் கீறி, இரு முனைகளையும் துணியால் பிடித்து நடுவை நோக்கி அழுத்துங்கள். குபீரென்று ஆவி கிளம்பும், சதை பருத்திக்காய் வெடித்தாற்போல் மேலே பூத்து வரும். வீட்டார் தட்டைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் நான் அடுப்பைத் திறப்பேன். கிழங்கு ஆட்களுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மேலே என்ன வைப்பது என்பது அவரவர் நாக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் சுட்ட கிழங்கைத் தெருவில் விற்றவர்களைப் பற்றி அக்காலப் பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ விரிவாக எழுதியிருக்கிறார். அடியில் கரித்தணலும் அதன் மேல் வெந்நீர்க் கலமும் கொண்ட தகரப் பெட்டியில் கிழங்கைச் சூடாக வைத்திருப்பார்கள். உப்புக்கும் வெண்ணெய்க்கும் அதிலேயே தனி அறை. குளிரில் கை காய்ச்சுவதற்காகவே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர்களும் உண்டாம். இன்று அங்கே சீஸும் தக்காளியில் வெந்த பீன்ஸும் வைத்துத் தருகிறார்கள். என் கட்சி அந்தப் பழைய தெரு வியாபாரியின் கட்சிதான்: உப்பும் வெண்ணெயும். கூட ஒரு சிட்டிகை இடித்த மிளகு. கெட்டித் தயிரில் சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கிப் போட்டு வைத்தாலும் அருமை, ஆனால் தயிரில் தண்ணீர் நிற்கக் கூடாது.

மீந்த கிழங்கைச் சமையல் மேடையில் விட்டுவைக்க வேண்டாம். 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் ஓர் உணவகத்தில், அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கை அப்படியே வெளியே வைத்திருந்து மறுபடி பயன்படுத்தியதில் 30 பேருக்கு பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுப் பாதிப்பு வந்தது. காற்றுப் புகாத அந்தத் தாளுக்குள் கிருமி வளர வசதியாகிவிட்டது. சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அது பூக்காது, மாவு இறுகிப்போயிருக்கும். அந்த இறுக்கமே வறுவலுக்கு வசதி. தோலோடு துண்டு போட்டு, கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள் சேர்த்து இரும்புச் சட்டியில் முறுக வறுத்தால் ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் வேண்டாம்.